ஐந்தாம் நம்பரின் சிவப்பு நாடா

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் இடது செருப்பின் மேல் ஒரு சாக்பீஸ் துண்டு இருக்கும். எங்கள் நிறுவனத்துக்குள் சாக்பீஸ் கொண்டுவரக் கூடாது, தூசி ஆகாது. ஆனால் பதினெட்டு வருடம் இடுப்பில் சாக்பீஸ் செருகி வேலை பார்த்தவருக்கு அது இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப வரவில்லை. தினமும் கொண்டுவருவார், வாசலில் செருப்போடு விடுவார், சாயங்காலம் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு பஸ் ஏறுவார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று முதலில் அவரிடம் கேட்க வேண்டும். கேட்கிற முகம் எனக்கு இல்லை.

நாற்பத்தைந்து வயதிருக்கும். கொண்டையில் ஒரு பேனா, வலது மணிக்கட்டில் உள்பக்கம் திருப்பிக் கட்டிய வாட்ச், கக்கத்தில் கிளிப் வைத்த அட்டை. அதற்கு முன்னால் அவர் மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி பார்த்தவர். பத்துப் பதினைந்து பேருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் ஏற்றி கப்பலுக்கு அனுப்புவார்கள். பட்டியலில் உள்ளதெல்லாம் உள்ளே போயிற்றா என்று சாக்பீஸால் குறி போட்டுப் பார்ப்பதுதான் டாலி. ஒருமுறை எங்கள் நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து கருவிகள் வந்தபோது சின்ன அட்டைப்பெட்டி ஒன்று குறைந்தது. பின்னாலே வருகிறது, கையெழுத்துப் போடுங்கள் என்று லாரி டிரைவர் எவ்வளவோ கெஞ்சியும் அக்கா ஒரு சரக்கையும் விடவில்லை. எங்கள் முதலாளி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார். பெட்டி வந்து சேர்ந்ததும் இந்தம்மா நமக்கு வேண்டும் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நாங்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதே வேலைதான், போகிற இடம்தான் வேறு. பெரிய ராக்கெட்டில் பெரிய செயற்கைக்கோள் போகும்போது மிச்ச இடத்தில் ஒட்டிக்கொண்டு போவதுதான் சின்னவற்றின் கதி. அவற்றுக்காகவே இப்போது சின்ன ராக்கெட் வந்திருக்கிறது. ஏழு பேர் ஏழு சின்ன செயற்கைக்கோள் கொண்டுவந்தால் ஏழையும் சேர்த்து ஒரே ஏவலில் அனுப்பிவிடலாம். ஆளாளுக்குத் தனித்தனியாகப் போக முடியாது, ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். திருவொற்றியூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் குழாய் செய்த கொட்டகையில் எங்கள் நிறுவனம் இருந்தது. ஒவ்வொரு செயற்கைக்கோளையும் ஒரு கூண்டில் வைத்து, ஏழு கூண்டையும் ஒரு வட்டத் தட்டில் முடுக்கி, தட்டை ராக்கெட்காரர்களிடம் ஒப்படைப்போம். மேலே போனதும் கூண்டின் கதவு திறக்கும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தள்ளிவிடும். ஒன்று போய்ச் சில விநாடிகள் கழித்து அடுத்தது.

அந்தக் கூண்டுகளை முதலில் பார்த்த அன்றைக்கே அக்கா எங்கள் வரைபடத்தில் தப்புக் கண்டுபிடித்தார்.

"இன்னா நைனா, மூணும் நாலும் ஒரே பக்கமா கதவ தொறக்குது. இடிச்சிக்காது?"

"ரெண்டும் ஒரே நேரத்துல தொறக்காது அக்கா. நடுவுல டைம் இருக்கு."

"மொத கதவு தொறந்தே கீதுல்ல? அத்த யாரு சாத்தறது?"

நாலு பேர் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டோம். இடிக்காது. இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அக்கா சொன்னது தப்பு என்று சிரித்தபடியே சொன்னேன். "சரி, இடிக்கலன்னா நல்லதுதான். கேட்டது தப்பா?" என்று அட்டையில் ஒரு டிக் போட்டுக்கொண்டு போய்விட்டார். தான் சொன்னது தப்பானதற்கு அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கேட்காமல் விட்டதற்குத்தான் வருத்தப்படுவார்.

யார்டில் கன்டெய்னர் கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. டாலி பார்ப்பவர் வாசலில் நின்று அட்டையைப் பார்த்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுவார். உள்ளே இருக்கும் லோடுமேன் அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு "கீது" என்று குரல் கொடுக்க வேண்டும். கை வைக்காமல் சொல்லக் கூடாது. பக்கத்து ஆள் கை வைத்ததற்கு இவர் சொல்லக் கூடாது. குரல் வந்தால்தான் டிக். அக்கா இந்த வழக்கத்தை அப்படியே எங்கள் நிறுவனத்துக்குக் கொண்டுவந்தார். முதல் வாரம் சிரித்தோம். மூன்றாம் மாதம் முதலாளி அதை இங்கிலீஷில் எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

நான் காலடிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டிலும் "கீது"தான். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே அதை நாக்கிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டேன். அக்கா கூப்பிட்டால் "இருக்கு" என்பேன், வெளியூர் ஆட்கள் யாராவது நின்றால் "யெஸ்" என்பேன்.

"இன்னாபா, நியூஸு வாசிக்கிறியா?" என்பார் அக்கா. "உங்க அம்மாவாண்ட இப்டித்தான் பேசுவியா? கீதுன்னு ஒரு தபா சொல்லேன், வாயி இன்னா கோணிக்குமா?"

நான் சொன்னதில்லை. சிரித்து மழுப்பிவிடுவேன்.

ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது என்பதில் அவர் எவ்வளவு கறார் என்பது எனக்கு வருகை அட்டையில் தெரிந்தது. ஒருநாள் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசையாக நின்றுவிட்டன, பைக் கூட நுழைய இடமில்லை. அக்காவுக்கு போன் போட்டு, என் அட்டையையும் சேர்த்துத் தட்டிவிடுங்கள் என்றேன். எல்லா நிறுவனத்திலும் எல்லாரும் செய்கிற உதவிதான்.

"நீ வந்துட்டியா?"

"பக்கத்துல வந்துட்டேன் அக்கா, பத்தே நிமிஷம்."

"வந்து தட்டு."

அரை நாள் விடுப்பு போயிற்று. அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் ஒன்றும் நடக்காத மாதிரி தன் டிபன் பாக்ஸிலிருந்து நெத்திலி வறுவலை எடுத்து என் மூடியில் வைத்தார். நான் தின்றேன், ஆனால் மனதில் அதை வைத்துக்கொண்டேன். எவ்வளவு அற்பமான விஷயம், இருந்தாலும் வைத்துக்கொண்டேன். பின்னால் நான் செய்ததற்கு இதுவும் ஒரு காரணமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஏன் இப்படி இருக்கிறார் என்பதை அவரே ஒருநாள் சொன்னார். நிறுவனத்தின் வேனில் போய்க்கொண்டிருந்தோம். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். அக்கா ஜன்னல் வழியாக அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"இந்த க்யூவ எல்லாரும் திட்டுவாங்க. நான் திட்ட மாட்டேன். யார்டுல ஒரு நாளு லோடு ஏத்தி முட்சி கதவு சாத்தப் போறோம். உள்ள நாலு பேரு. வெளிய வந்ததுக்கு அப்பால ஆளையும் கூப்டுவேன். மூணு பேரு கீறேன், கீறேன்னாங்க. நாலாவது ஆளு எங்கன்னா, அவன் தோஸ்து சொல்றான், அவன் டீக்கு பூட்டான்கா, நான் சொல்றேன் போட்டுக்கோன்னு. நான் போட்டுக்கினேன்."

"அப்புறம்?"

"வெயில் தாங்காம அட்டைப்பொட்டி சந்துல படுத்துகினு கீறான் அவன். கதவு சாத்தி, சீலும் வச்சாச்சு. உள்ள இருந்து தட்டிகினே இருந்தானாம். டிரைவர் பாட்டு போட்டுகினு இருந்தான், கேக்கல. ஹார்பர் கேட்டாண்ட ரெண்டு மணி நேரம் க்யூ. பின்னாடி வண்டிக்காரன் எறங்கி ஒண்ணுக்கு போவ சொல்லோ தட்டற சத்தம் கேட்டு சொல்லிக்கிறான். தொறந்தா துணி மாரி கெடக்கிறான். பொயச்சிக்கினான். இந்த க்யூ மட்டும் இல்லாங்காட்டி நேரா கப்பலுக்கு பூட்டிருப்பான்."

வரிசையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அவன் தோஸ்த நான் ஒண்ணும் சொல்லல. அவன் சொன்னான், நான் ஏன் போட்டேன்?"

ஐந்தாம் நம்பர் எங்களிடம் வந்தது ஒரு சாப்பாட்டுக் கூடையில். பாலிடெக்னிக் மாணவிகள் ஐந்து பேர், இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த செயற்கைக்கோள், ஒரு டிபன் பாக்ஸ் அளவு. மற்ற ஆறும் நிறுவனங்களுடையவை, மெத்தை வைத்த பெட்டிகளில் காவலாளோடு வந்தன. இந்தப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எண்ணூர் கழிமுகத்தை மேலேயிருந்து படம் எடுப்பதுதான் அதன் வேலை. அனல் மின்நிலையத்துச் சாம்பலும் சுடுதண்ணீரும் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று ஒவ்வொரு முறை கடக்கும்போதும் பார்க்கலாம். அந்தப் பெண்களில் ஒருத்தி முகத்துவாரக்குப்பம். அவள் அப்பா கழியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர். "எங்க தண்ணி எந்தக் கலர்ல கீதுன்னு எங்களுக்கு தெரியும் சார். மேல இருந்து எடுத்த படம் இருந்தாதான் ஆபீசுல நம்புவாங்க" என்றாள்.

அக்காவுக்கு அந்தக் கூடையைப் பார்த்ததிலிருந்து ஐந்தாம் நம்பர் மேல் ஒரு பட்சம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் மற்ற ஆறையும் "பொட்டி" என்பார், அதை மட்டும் "கொயந்த" என்பார்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. செயற்கைக்கோள் தரையில் இருக்கும்வரை தூங்க வேண்டும். விழித்துக்கொண்டால் பாட்டரி தீர்ந்துவிடும். அதற்காக அதன் பக்கவாட்டில் ஒரு பின் செருகியிருப்பார்கள், விரல் கணு நீளம். மறக்காமல் எடுப்பதற்காகப் பின்னில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கும். தட்டை ஒப்படைப்பதற்கு முன் கடைசி வேலையாக ஏழு பின்னையும் உருவ வேண்டும். உருவினால், கூண்டை விட்டு வெளியே போனதும் அது கண் விழித்துப் பேசும். உருவாவிட்டால் வெறும் டப்பாவாகச் சுற்றும். மற்றவர்கள் தைத்த நாடா கொண்டுவந்தார்கள். இந்தப் பெண்களுக்கு ஆர்டர் போட்ட நாடா வந்து சேராததால் பள்ளிக்கூடத்தில் சடை பின்னுகிற சிவப்பு ரிப்பனை வெட்டி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

பின் எடுக்கும் நாளில் தூசியில்லா அறைக்குள் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. நானும் என்னோடு வேலை பார்த்த ஒருவரும். தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி, முகத்தில் மூடி. அக்கா கண்ணாடிச் சுவருக்கு வெளியே அட்டையோடு. அவர் குரல் சின்ன ஸ்பீக்கர் வழியாக உள்ளே வரும், எங்கள் குரல் அதே வழியாக வெளியே போகும். யார்டில் "கீது" என்பது இங்கே "கையில கீது". பின் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

வெளியே வண்டி தயாராக நின்றது. காலையிலேயே கிளம்பிப் பழவேற்காடு தாண்டி ஏவுதளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மணலி ரோட்டில் டிரெய்லர்களை விட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எங்கள் வண்டி நகராது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முதலாளி கண்ணாடியைத் தட்டி வாட்சைக் காட்டினார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வந்தன. கூட இருந்தவர் தட்டின் அந்தப் பக்கம் ஆறையும் ஏழையும் பார்க்கப் போனார். நான் ஐந்தின் நாடாவைப் பிடித்து இழுத்தேன். லேசாக வந்தது. மற்ற நாலும் ஒரு சின்னப் பிடிமானத்தோடு வந்தன, இது அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த வித்தியாசம் என் விரலுக்குத் தெரிந்தது. இதை நான் எத்தனையோ விதமாக எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். தெரியாது என்று சொன்னால் பொய்.

கையைத் திறந்து பார்த்திருக்கலாம். உள்ளங்கையில் ஏற்கெனவே நாலு பின்னும் நாலு நாடாவும் கசகசவென்று இருந்தன. பின் இருக்கும் துளை பக்கத்துக் கூண்டைப் பார்த்தபடி இருந்ததால் நேராக எட்டிப் பார்க்க முடியாது. பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி ஒன்று எங்களிடம் உண்டு, அதை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அது முன்னறையில் இருந்தது. எடுக்க வேண்டுமென்றால் அங்கியைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, வெளியே போய் வந்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். இருபது நிமிடம். பின் உள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தாலோ கூண்டைக் கழற்ற வேண்டும், அரை நாள்.

"அஞ்சு?" என்றார் அக்கா.

முதலாளி கண்ணாடியைத் தட்டினார்.

"அஞ்சு? கொயந்த இன்னா ஆச்சு?"

"கையில கீது அக்கா," என்றேன்.

அந்த நிறுவனத்தில் நான் "கீது" என்று சொன்ன ஒரே தடவை அதுதான். ஏன் அப்போது அந்தச் சொல் வாயில் வந்தது என்று யோசித்துப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் சந்தோஷப்படுவார், மேற்கொண்டு கேட்க மாட்டார் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது. அப்படியேதான் நடந்தது. கண்ணாடிக்கு அப்பால் அக்கா சிரித்துக்கொண்டே டிக் போட்டார். ஆறும் ஏழும் வந்ததும் எல்லாவற்றையும் ஒரு உறையில் கொட்டி ஒட்டினேன். ஒட்டிய இடத்தின் மேல் அக்கா கையெழுத்துப் போட்டார். எங்கள் வழக்கத்தில் டாலி பார்ப்பவர் கையெழுத்து மட்டும்தான். குரல் கொடுத்தது யார் என்று எழுத அட்டையில் கட்டம் கிடையாது.

ராக்கெட் கிளம்பிய அன்று நிறுவனம் மொத்தமும் காத்திவாக்கம் கடற்கரையில் நின்றோம். வடக்கே ஒரு வெள்ளைக் கோடு ஏறியது. போனில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரிகிறது என்று அறிவிக்க அறிவிக்க அக்கா விரலை மடக்கினார். ஐந்து என்றதும் "போ தாயி, போ" என்றார். ஏழும் பிரிந்தன. அக்கா எல்லாருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாளுக்குள் ஆறு பேசிவிட்டன. ஐந்து பேசவில்லை. அந்தப் பெண்கள் பாலிடெக்னிக் மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்துக்கொண்டு, அது தலைக்கு மேலே கடக்கும் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பரீட்சை நாட்களில் கூட முறை வைத்துக் கூப்பிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஏன் என்று பார்ப்பதற்காக உறையைப் பிரித்தார்கள். ஏழு நாடா. ஆறு பின்.

விசாரணை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஏசி அறை, முதலாளி, ராக்கெட் தரப்பிலிருந்து வெளிமாநிலத்தார் இரண்டு பேர், நான், அக்கா. என்னோடு உள்ளே இருந்தவர் அதற்குள் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். தனக்கு நினைவில்லை என்று அங்கிருந்து எழுதியிருந்தார். முதலாளி பம்பாய்க்காரர், அவர் தமிழ் வணக்கத்தோடு நின்றுவிடும். பேச்சு முழுக்க இங்கிலீஷில். அக்காவுக்குப் புரிய வேண்டுமே என்று என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

ஐந்தாம் நம்பருக்குக் குரல் கொடுத்தது யார் என்று கேட்டார்கள்.

நான் அக்காவிடம் சொன்னேன்: "அஞ்சாம் நம்பருக்குப் பதில் சொன்னது யாருன்னு கேக்கறாங்க அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. நம்பரைக் கூப்பிட்டுவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் நின்று குரல் வருவதற்காகக் காத்திருப்பாரே, அந்தப் பார்வை.

"அத்த நான் சொல்லக் கூடாது நைனா. எனுக்கு குரலு கேட்டுது, நான் டிக்கு போட்டேன். யாருன்னு கை வச்சவங்கதான் சொல்லணும். அப்டியே சொல்லு அவங்களாண்ட."

நான் அவர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னேன்: "அவருக்கு நினைவில்லையாம். கேட்டதாக நினைத்துக்கொண்டு டிக் போட்டிருக்கலாம் என்கிறார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெயிலில் மூன்று மணி நேரம் தன்னை நிற்கவைத்த பெண்ணா இது என்று அவருக்கு நிஜமாகவே வருத்தம். அன்றோடு அக்காவை நிறுத்திவிட்டார்கள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா கேட்டார்: "நான் சொன்னத அப்டியே சொன்னியா?"

"சொன்னேன் அக்கா."

"சரி." சாக்பீஸை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அதோடு அவர் எங்கள் நிறுவனத்துக்கு வரவில்லை.

எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு வந்தது. பின் எடுக்கிற வேலைக்குப் புதிய விதிமுறை எழுதும் பொறுப்பையும் எனக்கே கொடுத்தார்கள். குரல் கொடுப்பவர் பெயருக்குத் தனியாக ஒரு கட்டம் வைத்தேன். நல்ல யோசனை என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

சென்ற மாதம் ஒரு வரிச் செய்தி வந்தது. ஐந்தாம் நம்பர் கீழே இறங்கி இறங்கி, காற்றில் உரசி எரிந்துவிட்டது. நான்கு வருடம் அந்தப் பின்னோடு சுற்றியிருக்கிறது. எண்ணூருக்கு மேலேயே எத்தனை தடவை போயிருக்கும், கண்ணைத் திறக்காமல். இனி யாரும் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. படித்ததும் எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். மறுநாள் காலை தண்டையார்பேட்டைக்குப் போனேன்.

ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் வேன் நின்றிருந்தது. அதன் கதவோரம் அக்கா, கையில் அட்டை. தையல் வேலைக்குப் போகும் பெண்களைக் கணக்குப் பார்த்து ஏற்றிவிடுகிற வேலை. கொண்டையில் பேனா இருந்தது, முடி நிறைய நரைத்திருந்தது. ஒரு பெயரைக் கூப்பிட்டார். உள்ளே இருந்து வேறொரு பெண், "கீறா அக்கா, செருப்பு மாட்டிகினு கீறா" என்றாள்.

"அவ வாயி இன்னா ஆச்சு? அவள சொல்ல சொல்லு."

உள்ளே சிரிப்பு. "கீறேன்கா" என்று ஒரு குரல் வந்தது. டிக் போட்டுவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, எளச்சி பூட்ட? நாஸ்தா துன்னியா?"

"அக்கா, அந்த அஞ்சாம் நம்பர்... எரிஞ்சி போச்சு. போன மாசம்."

அக்கா பேனாவைக் கொண்டையில் செருகினார். "ஒரு வார்த்த பேசாமயே பூட்சா."

"அன்னிக்கு நான்..."

"என்னாண்ட சொல்லாத." குரல் உயரவில்லை. "எனுக்கு இங்கிலீசு வராது, மூஞ்சி வரும். நீ அந்த ரூமுல இன்னா சொன்னன்னு அன்னிக்கே தெரியும். நான் கூப்ட்டேன், நீ குரலு குட்த்த. என்னுது முட்சி போச்சி. மாடி மேல நின்னு கூப்ட்டுகினே கீதுங்களே அதுங்க, அதுங்களுக்கு யாரு குரலு குட்த்தாங்க?"

டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா ஏறிக்கொண்டு கதவைச் சாத்தினார். வேன் நகரும்போது ஜன்னல் வழியாக, "வெறும் வயித்தோட நிக்காத, அந்தாண்ட கடையில இட்லி நல்லா கீது" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

அக்கா அந்தப் பெண்களைப் போய்ப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு முன்பே தெரியும். வேலை போன அடுத்த வாரமே பாலிடெக்னிக்குக்குப் போயிருக்கிறார். முகத்துவாரக்குப்பத்துப் பெண் அப்போது எனக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தாள். நான் அதை அழிக்கவும் இல்லை, பதில் போடவும் இல்லை. நான்கு வருடமாக அது அப்படியே இருக்கிறது: "சார், டாலி அக்கா வந்திருந்தாங்க. பின் எடுத்தாச்சுன்னு ஒருத்தர் சொன்னது அவங்களுக்குக் கேட்டுச்சாம். யாருன்னு கேட்டோம், சொல்லல. குரல் குடுத்தவங்களே வந்து எங்ககிட்ட சொல்லுவாங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. நாங்க காத்துக்கிட்டு இருக்கோம். அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

அதற்குப் பதில் எழுதத்தான் இன்று காலை உட்கார்ந்தேன். "அன்புள்ள தங்கைக்கு" என்று போட்டுவிட்டு, அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தப் பெண்ணுக்குப் புரியும் என்று தோன்றியது, தனித் தாளில் இதை ஆரம்பித்தேன். இது எழுதி முடிந்துவிட்டது. அது இன்னும் "அன்புள்ள தங்கைக்கு" என்பதோடு நிற்கிறது.